மோகன் எந்த சீட்டில் உட்கார்ந்தான்?

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாட்ஸப் குழுவில் வந்த கோபத்தில் பிறந்தது. பெரிய எழுத்தாளர்கள் தங்கள் கதைகள் மழையில் பிறந்தன, ரயில் பயணத்தில் பிறந்தன என்று முன்னுரையில் எழுதுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில், முகம் தெரியாத ஒரு ஆள் இப்படி எழுதினார்: 'ஒரு ஆணும் பெண்ணும் முப்பத்தோரு எபிசோட் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் அது காதல்தான். இல்லை என்பவர்களுக்கு மனசே இல்லை.' கீழே நூற்றெட்டு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழுவின் பெயர் 'அந்திக்கோள் தமிழ் ரசிகர்கள்'. அந்திக்கோள் என்பது தமிழில் டப்பிங் செய்து வரும் ஒரு விண்வெளித் தொடர். நேவா என்ற பெண் ஒரு பழைய சரக்குக் கலத்தை ஓட்டுகிறாள். கொரின் என்பவன் அவளுக்குத் துணை. எந்திரம் சத்தம் மாறினால் காது வைத்துக் கேட்டுச் சொல்வான். இருவரும் கோள் கோளாகப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள். மூன்றாவது பருவத்தின் கடைசிக் காட்சியில் கலம் உடையப்போகிறது. நேவா கொரினின் தோளில் நெற்றியை வைக்கிறாள். பதினொரு வினாடி. நான் எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பதினொரு வினாடிக்காகக் குழு இரண்டாக உடைந்தது. இரண்டு பேரையும் சேர்த்துவைத்தே ஆக வேண்டும் என்றவர்கள் முந்நூறு பேருக்கு மேல். அவர்களை அப்படியே விடுங்கள் என்றவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். மிச்சப் பேர் காலை வணக்கம் மட்டும் போடுகிறவர்கள். நாற்பது பேருக்கு நான்தான் தலைமை. என் பெயர் ஜோஹரா, வயது நாற்பத்தொன்று. வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர்.

2

தொடக்கத்தை நான்கு முறை எழுதினேன்.

'ஜவ்வாது மலையின் மடிப்புகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த…' வேண்டாம். பனி எல்லா மலையிலும்தான் இறங்குகிறது.

'காதல் என்றால் என்ன என்று அன்பரசி ஒருநாளும்…' பொய். அன்பரசி அதைப் பற்றி நிறையப் பேசுவாள். முக்கால்வாசி கெட்ட வார்த்தையோடு.

'ஒரு ஜீப். அதில் இரண்டு பேர்.' இது பரவாயில்லை என்று நினைத்தேன். என் கணவர் பாஷாவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேர்னா புருசன் பொஞ்சாதியா?" என்று கேட்டார். தாளைக் கிழித்துவிட்டேன். வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியை வைத்துக்கொண்டு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

நான்காவதுதான் மேலே நீங்கள் படித்தது.

3

அன்பரசி நெல்லிவாசல்நாட்டுப் பெண். முதலில் கம்பெனியில் என் பிரிவில் மூன்று வருடம் தைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து இரண்டு பேரும் அந்திக்கோள் பார்ப்போம். நேவா கலத்தை ஒரு பாறை இடுக்கில் இறக்கிய எபிசோடைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத்த நான் ஓட்டுவேன்" என்றாள். சிரித்தேன். ஆறே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய்ப் பழைய ஜீப் ஒன்று வாங்கிவிட்டாள்.

அந்தப் பக்கத்துக் குக்கிராமங்களுக்கு பஸ் என்றைக்கோ ஒருநாள்தான் வரும். கூட்டு ஜீப்தான் கதி. அன்பரசி வண்டியில் ஆட்கள், சாமை மூட்டை, புளிக்கூடை, கோழி எல்லாம் ஏறும். வண்டியின் கைபிரேக் மலைச்சரிவில் பிடிக்காது. எத்தனை மெக்கானிக் பார்த்தும் பிடிக்கவில்லை. அதனால் வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். அந்த ஒருவன் மோகன்.

நிற்க.* கல் வைப்பது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். மோகனுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் வேறு ஆள் வந்தார். காலுக்குப் பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து வைத்தார். அது பொடிக்கல். உள்ளே எட்டு மாதக் கர்ப்பிணியோடு வண்டி ஒரு கெஜம் பின்னால் போனது. அதற்குப் பிறகு மோகன் வராத நாளில் அன்பரசி வண்டியை எடுப்பதில்லை.

"நான் பிரேக்க நம்பி ஓட்டலக்கா. அவன் வெக்கிற கல்ல நம்பி ஓட்டுறேன்" என்றாள் ஒருமுறை. ஆறு வருடமாக மோகன் முன் சீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான். சீக்கிரம் குதிக்க வேண்டுமே, அதற்காக.

(* 'நிற்க' என்று கடிதத்தில் எழுதுவோமே, அந்த 'நிற்க'. வண்டியைச் சொல்லவில்லை.)

4

இப்போது என் குற்றம்.

குழுவில் வாதம் முற்றியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லிப் புரியவைக்க முடியாதவர்களுக்குக் கதையாகச் சொன்னால் புரியும். அந்திக்கோளை ஜவ்வாது மலைக்குக் கொண்டுவந்து ரசிகர் கதை ஒன்று எழுதினேன். கலம் ஜீப்பானது. நேவா அன்பரசியானாள். கொரின் மோகன். ஊர்ப் பெயர், வளைவு, கல், புளிக்கூடை எல்லாம் அப்படியே. காதலே இல்லாத ஒரு துணை எவ்வளவு பெரிய விஷயம் என்று காட்டுவதற்காக எழுதியது.

பெயரை மாற்றவில்லை. மாற்றினால் உயிர் போய்விடும் என்று நினைத்தேன். உண்மையில் சோம்பேறித்தனம், அதோடு கொஞ்சம் திமிரும். 'இப்படி ஒரு ஜோடி நிஜமாகவே இருக்கிறது, தெரியுமா உங்களுக்கு?' என்று அந்த நூற்றெட்டு இதயங்களின் முகத்தில் அடிக்க வேண்டும் என்ற வெறி. பார்த்தீர்களா, இப்போதுகூட 'ஜோடி' என்றுதான் எழுதுகிறேன்.

(இந்தக் கதையில் உள்ள பெயர்களைப் பற்றியும் சந்தேகம் வருமே? இந்த முறை மாற்றிவிட்டேன். ஜீப்பின் நிறத்தையும்கூட. நிறத்தை நான் இன்னும் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை.)

கதை பிய்த்துக்கொண்டு போனது. எதிர்க்கட்சிக்காரர்கள் என்னைவிட அதிகமாகக் கொண்டாடினார்கள். 'அழுதுவிட்டேன் அக்கா.' 'கல்லை வைத்துவிட்டு அவன் அவளைப் பார்க்கிற பார்வை!' நான் எந்தப் பார்வையையும் எழுதவில்லை. அவன் சக்கரத்தைத்தான் பார்த்தான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து கேட்ட கேள்வி ஒன்றுதான்: கல்யாணம் எப்போது?

நாற்பத்தேழு முறை 'கல்யாணம் இல்லை' என்று பதில் போட்டேன். அத்தனை பேரும் கண்ணடிக்கிற பொம்மை போட்டார்கள்.

5

குழுவின் அட்மின் ஹுசைஃபா. இருபத்து நான்கு வயது. வாணியம்பாடியில் ஒரு பேனர் கடையில் டிசைனர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கையால் வருவதுதான். எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு ஜோடியைச் சேர்த்துவைக்கும் கட்சி ஓட்டெடுப்பில் ஜெயித்துவிட்டால், ஹுசைஃபா அந்த ஜோடிக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துப் போடுவான். நேவாவுக்கும் கொரினுக்கும் ஏற்கெனவே அடித்திருந்தான். மண்டபம்: செவ்வாய்க் கோள், மூன்றாவது தெரு.

அன்பரசி-மோகனுக்கும் அடித்தான். அதில்தான் வந்தது வினை. செவ்வாய்க் கோள் என்று போட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. என் கதையைப் பார்த்து 'மணமகள் இல்லம், நெல்லிவாசல்நாடு' என்று போட்டான். தேதிக்கு நான்காவது பருவம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை. சுற்றமும் நட்பும் சூழ வரவும். கீழே பொடி எழுத்தில் 'எழுத்து: ஜோஹரா'.

பிறகு அவனைப் பிடித்துக் கத்தினேன்.

"ஜோக்குக்குத்தான ஆபா பண்ணேன்" என்றான். ஆபா என்றால் அக்கா. "நல்ல முகூர்த்தமா வேற அமஞ்சிது. அதான் டைமும் பாத்துப் போட்டேன். ஒம்போதுலேர்ந்து பத்தரை."

"எதுக்குடா டைம் பாத்த?"

"பாக்காத போட்டா பத்திரிகை மாதிரியே இருக்காதே."

தொழில் சுத்தம். என்ன சொல்லித் திட்டுவது?

பத்திரிகை குழுவை விட்டு வெளியே போனது. யாரோ ஒருவர் திருப்பத்தூரில் யாருக்கோ அனுப்ப, அது மலை ஏறியது. அன்பரசியின் ஊரில் சிக்னல் கிடையாது. சுற்றியுள்ள ஊர்களில், பாறைமேல் ஏறி நின்றால் கிடைக்கும். அங்கெல்லாம் அவளுடைய சொந்தக்காரர்கள். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பதுதான் அவர்கள் முறை. அச்சடித்த பத்திரிகையே வந்துவிட்டது என்றால், பெரிய இடத்து ஏற்பாடு, பேச்செல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். நேரில் அழைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அன்பரசி பக்கத்து ஊர்ப் பாறைமேல் ஏறி நின்று எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிகீற நீ? வூட்டு முன்னால அறுவது பேர் கீறாங்க. எங்க அத்த ஆட்ட இஸ்துகினு வந்துகீது."

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பாஷாவை எழுப்பி பைக்கை எடுக்கச் சொன்னேன். மலைமேல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். முகூர்த்தம் தொடங்கிவிட்டிருந்தது.

பதினொரு பை சாமை. ஒரு ஆடு. மஞ்சள் கட்டிய தட்டுகள். மூன்று ஊர் மேளம். யாரும் அடிக்கவில்லை, ஆனால் தோளை விட்டு இறக்கவும் இல்லை. சரிவில் ஜீப் நின்றது, பின்சக்கரத்தில் கல்லோடு. பக்கத்தில் மோகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அன்பரசி வீட்டு வாசலில், காக்கிச் சட்டையோடு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

ஊர்க்கவுண்டர் தாண்டவராயன் என்னைப் பார்த்து, "நீதான் எழுதுன பாய் வூட்டம்மாவா?" என்றார்.

"ஆமாங்க. அது கதைங்க. நிஜம் இல்ல."

"கதைன்னா ஊர் பேரு எப்பிடி வந்துச்சி? ஆள் பேரு எப்பிடி வந்துச்சி?"

கதை இருக்கிற போனை எடுத்து நீட்டினேன்.

"சரி, அத்த படி. இன்னா எழுதிகீறன்னு கேக்கலாம்" என்றார்.

படித்தேன். போனைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே, முழுக்கதையையும் படித்தேன். என் எழுத்தை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. பொடிக்கல் இடத்தில் நான்கு பெண்கள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்கள். கடைசி வரிவரை கேட்டார்கள். பிறகு என்ன நடந்தது தெரியுமா? எங்கள் குழுவில் என்ன நடந்ததோ, அதேதான் நடந்தது.

"இவ்ளோ பாத்துக்கிறான், கட்டிக்கினா இன்னா?" என்றார் ஒருவர்.

"வண்டிக்கு ஆளு வேற, வூட்டுக்கு ஆளு வேற. சும்மா வுடு" என்றார் இன்னொருவர்.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் இரண்டாகிவிட்டது. அந்திக்கோளின் ஒரு எபிசோடைக்கூடப் பார்க்காதவர்கள், அந்த நூற்றெட்டு பேர் எழுதிய அதே வாக்கியங்களைப் பேசினார்கள். அன்பரசியின் அத்தை பச்சையம்மா மட்டும் எந்தக் கட்சியும் இல்லை. "ஆட்ட ஏழு மைல் நடத்தியாந்துட்டேன். யாருக்காவது கட்டி வெய்யுங்கப்பா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தின் மேல் கோபம் என்று எழுத ஆசை. ஆனால் அவர்கள் ஏமாந்து வந்தவர்கள். ஆறு வருடம் தினமும் உயிரைக் கையில் பிடித்து வண்டி ஓட்டுகிற ஒரு பெண்ணை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது நானும் என் குழுவும்தான்.

7

மோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை.

அவன் மனதில் காதல் இல்லை என்று என் கதையில் அடித்து எழுதியிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? நான் அவனைக் கேட்டேனா? சேர்த்துவைப்பவர்கள் அவனுக்கு ஒரு மனதைக் கொடுத்தார்கள் என்றால், நான் அதைப் பிடுங்கி வேறொன்றைக் கொடுத்தேன். ஒருவேளை அவன் ஆறு வருடமாக… (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை.) ஒருவேளை அவளுக்கே… (இதையும்.)

தாண்டவராயன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "நீ இன்னாடா சொல்ற?"

மோகன் எழுந்தான். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"உங்க கதையில நான் ஒரு வார்த்த கூட பேசலக்கா" என்றான். "கல்லு பேசிச்சி. காத்து பேசிச்சி. நான் பேசல."

உண்மை. மூவாயிரம் சொல்லில் அவனுக்கு ஒரு வசனம்கூட நான் கொடுக்கவில்லை. கொரினைத் தொடர்காரர்கள் வெறும் எடுபிடியாக வைத்திருக்கிறார்கள் என்று குழுவில் பக்கம் பக்கமாகக் கொதித்தவள் நான்.

"இப்ப பேசேன்டா" என்றார் தாண்டவராயன்.

"பேச வேண்டியத அன்பரசிகிட்ட பேசிக்கிறேன். இங்க எதுக்கு?"

கூட்டத்தில் சலசலப்பு. தாண்டவராயனுக்கு முகம் சிவந்தது. வந்த ஜனத்தை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் மூன்று ஊரில் தலை காட்ட முடியாது. அவர் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"நான் வாயத் தொறந்து கேக்க மாட்டேன். அவ வண்டிய எடுக்கட்டும். நீ முன் சீட்ல ஏறினின்னா கல்யாணத்துக்கு ஒத்துக்கினன்னு எடுத்துக்கிறேன். பின்னால ஏறினின்னா அண்ணன் தங்கச்சின்னு எடுத்துக்கிறேன். ரெண்டும் இல்லன்னா இன்னியோட நீ அந்த வண்டிய தொடக் கூடாது."

படியுங்கள், இன்னொரு முறை படியுங்கள். ஒரு ஆள் எந்த சீட்டில் உட்காருகிறான் என்பதை வைத்து அவனுடைய முழு வாழ்க்கைக்கும் பெயர் வைக்கிறார்கள். அதற்கும் எங்கள் ஓட்டெடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது சொல்லுங்கள். அவராவது நேருக்கு நேர் நின்று சொன்னார்.

அன்பரசிக்குப் பொறுமை போனது.

"எங்கிட்ட யாரும் கேக்கல, பாத்துகினீங்களா?" என்றாள். "படத்துல இருக்கிறவளுக்கும் நீங்களே கட்டி வெக்கிறீங்க. எனக்கும் நீங்களே கட்டி வெக்கிறீங்க. கட்டாத வெக்கிறதும் நீங்களேதான்." கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னாள். "மணி பத்தாவப்போவுது. கீழ போறவங்க ஏறுங்க."

வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினாள்.

8

முடிவுகள்.

அ. மோகன் கல்லை எடுக்கிறான், முன் சீட்டில் ஏறுகிறான். மேளம் அடிக்கிறது. முந்நூறு பேர் இதயம் போடுகிறார்கள். பச்சையம்மாவின் ஆடு குழம்பாகிறது.

ஆ. மோகன் கல்லை எடுக்கிறான், பின்னால் ஏறுகிறான். நான் கை தட்டுகிறேன். வாதத்தில் ஜெயித்துவிட்டேன். (அந்த நிமிடத்தில் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது இதைத்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.)

இ. மோகன் கல்லை எடுக்காமல் நடந்து போய்விடுகிறான். அன்பரசி மறுபடியும் கம்பெனிக்கு வந்து என் பிரிவில் உட்கார்ந்து தைக்கிறாள். இலக்கியத்தரமான முடிவு என்பார்கள். இதை எழுதியவன் கையை உடைக்க வேண்டும்.

ஈ. 

(ஈ-யை எழுதி அடித்துவிட்டேன். காரணம் கீழே.)

9

மோகன் பின்சக்கரத்துக்குப் போனான். குனிந்தான். கல்லை எடுத்தான். அன்பரசி வண்டியை ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவிடவில்லை. அறுபது பேரும் கழுத்தை நீட்டினார்கள். நானும் நீட்டினேன். பாஷா பைக்கின் மேல் ஏறி நின்று பார்த்தார்.

அவன் ஏறினான். வண்டி போனது.

ஆடு எந்த சீட்டில் உட்கார்ந்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன். நடு சீட்டில், பச்சையம்மா மடியில் தலை வைத்துக்கொண்டு. வந்தது வந்தாச்சு, நடந்து திரும்ப முடியாது என்று ஏறிக்கொண்டாள். கல்யாணம் நடந்ததா இல்லையா என்ற கவலையே அவளுக்கு இல்லை.

பத்து நாள் கழித்து மன்னிப்புக் கேட்க மறுபடியும் மலைக்குப் போனேன். அன்பரசி நிறையத் திட்டினாள். அரை மணி நேரம். நியாயமான திட்டு. பிறகு டீ கொடுத்தாள். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். மோகன் தூரத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவனையும் கூப்பிட்டுக் கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"எழுதிக்கோக்கா" என்றாள் அன்பரசி. "நீ பண்ண கூத்தும் நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா எங்க ஒக்காந்தான்னு மட்டும் எழுதாத."

"ஏன்? பாத்தவங்க அறுவது பேர் இருக்காங்களே?"

"அவங்க பாத்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிது அவ்ளோதான். உன் ஆளுங்களுக்கு எதுக்கு?"

மோகன் சொன்னான்: "என் வசனத்த மட்டும் விட்றாதீங்க." விடவில்லை. இரண்டு இடத்தில் இருக்கிறது, இதோடு மூன்று.

10

நேற்று பாஷா இந்தக் கதையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் பைக் மேல நின்னு பாத்தப்ப முன்னால ஒருத்தன் மறச்சிட்டான். கடைசில எங்கதான் ஒக்காந்தான்?" என்று கேட்டார். பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்கிறவர். அவருக்கும் சொல்லவில்லை.

கவுண்டரின் தீர்ப்பு மட்டும் எப்படியோ மலை இறங்கிவிட்டதில், ஹுசைஃபா குழுவில் புது ஓட்டெடுப்பு போட்டிருக்கிறான்: 'மோகன் எந்த சீட்டில் உட்கார்ந்தான்?' முன் சீட்டுக்கு இருநூற்று முப்பது ஓட்டு. பின் சீட்டுக்கு முப்பத்தெட்டு, என் கட்சிக்காரர்கள். இரண்டு பக்கமும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பிக் கெஞ்சுகிறார்கள். குழுவை விட்டு வெளியேறிவிட்டேன். நான்காவது பருவத்தை இன்னும் பார்க்கவில்லை. நேவா என்ன ஆனாள் என்று யாரும் எனக்குச் சொல்லாதீர்கள்.

எனக்குத் தெரியும் அவன் எங்கே உட்கார்ந்தான் என்று. சொல்ல மாட்டேன். இது கதை நுட்பம் இல்லை, முடிவை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன் என்ற பசப்பும் இல்லை. உங்கள் கற்பனைக்கு விட்டதால்தான் அறுபது பேர் ஆட்டோடு வந்தார்கள். தயவுசெய்து கற்பனை செய்யாதீர்கள்.

வண்டி ஓடுகிறது, அதைச் சொல்லலாம். காலை பத்து மணிக்கு மலையிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஏறலாம். முன் சீட்டில் யார் இருந்தாலும், யார் இல்லாவிட்டாலும், ஒன்றும் கேட்காதீர்கள். ஏறுவதற்கு முன்னால் பின்சக்கரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். கல் இருக்கும்.